இந்த முறை உண்மையாகவே ‘ஏ’

நம் ஈப்போ இணையத்தளத்தின் திரைப்படப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு கணினி, ஒரு கடவுச்சொல் கொடுத்திருப்பார்கள். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பழையது நான் வைத்தது. பக்கத்து ஊரான செமோரில் பாதிப் பேருக்கு அது தெரியும். நாற்காலி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதுவும் என் கைங்கரியம்தான். பதினான்கு வருடம் அதில் உட்கார்ந்து படங்களுக்குத் தரம் போட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக இருந்தவளைக் கூப்பிட்டு, புதுப் பிள்ளைகளுக்கு உபயோகமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று தளத்தின் ஆசிரியர் கேட்டார். விமர்சனம் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. படம் பார்க்கிறவர்கள் விமர்சனம் படிப்பதில்லை, விமர்சனம் படிக்கிறவர்கள் படம் பார்ப்பதில்லை, இரண்டையும் செய்யாதவர்கள் கீழே கருத்து எழுதுகிறார்கள். நீங்கள் ராத்தூக்கம் கெட்டுச் செதுக்கிய வாக்கியத்தை ஈப்போவில் ஒருவரும் சீந்த மாட்டார்கள். எல்லாரும் நேராக விரலால் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் கொட்டை எழுத்தில் இருக்கும் அந்த ஓர் எழுத்தைப் பார்ப்பார்கள். ஏ, பி, சி, டி. அந்த எழுத்தைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

மற்ற ஊர்களில் படத்துக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நம் தளத்தில் மட்டும் ஏன் பள்ளிக்கூடம் மாதிரி எழுத்து என்று நீங்கள் நினைக்கலாம். ஆசிரியரின் யோசனை அது. நம்மவர்களுக்கு நட்சத்திரம் புரியாது, ஆரம்பப் பள்ளியின் ஆறாம் ஆண்டுச் சோதனை புரியும் என்றார். சரியாகத்தான் சொன்னார். ஏழு பாடத்திலும் ஏ எடுத்து ‘7ஏ’ வாங்கிய பிள்ளைக்குக் கோயிலில் மாலை போட்டுப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிற சமூகம் நாம். பி வாங்கிய பிள்ளையிடம், “என்னாச்சு, சோதனை அன்னிக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்போம். சி வாங்கிய வீட்டில் உறவினர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பிறகு அரசாங்கமே அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. பிள்ளைகள் தப்பித்தார்கள், படங்கள் மாட்டிக்கொண்டன.

தரம் போடுகிறவள் என்பதால் எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். நான் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. இந்த வேலைக்கு முன்னால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்கு முதல் பெரிய சோதனை ஒரு பெரிய நடிகரின் படத்தால் வந்தது. வெளியீட்டுக்கு முதல் நாள் காலை பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து பி பிளஸ் போட்டேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பதினோரு பேர். முன்னால் பாலா. இவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும், ஏனென்றால் இவர் உங்கள் வாழ்க்கையிலும் வரத்தான் போகிறார். செமோர்க்காரர், ஏர்கோன் பழுது பார்ப்பவர், ‘பேராக் படப் பைத்தியங்கள்’ என்ற இணையக் குழுவின் தலைவர். பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாலா கையில் ஒரு கோப்பு, உள்ளே கோரிக்கை மனு. மகஜர்! நம்மவர்களுக்குக் கோபம் வந்தால் போகிற வழி இரண்டுதான். ஒன்று மகஜர் கொடுப்பது, இன்னொன்று போலீஸில் புகார் கொடுப்பது. தண்ணீர் வராவிட்டாலும் அதுதான், பி பிளஸ் வந்தாலும் அதுதான்.

“டீச்சர், பி பிளஸ்ஸ ஏ மைனஸா மாத்தணும். பெரிசா ஒண்ணும் கேக்கல லா,” என்றார் பாலா.

“படம் பாத்தீங்களா?”

“நாளைக்குத்தானே ரிலீஸ். டிக்கெட் எடுத்தாச்சு.”

“பாக்காம எப்படி ஏ மைனஸ்னு தெரியும்?”

பின்னால் நின்ற ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்: “பாத்தாத்தான் தெரியுமா டீச்சர்? போஸ்டரப் பாத்தாலே தெரியல?”

மகஜரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். படம் எடுத்துக்கொண்டோம். பதினோரு பேருக்கும் கீழே தேநீர்க் கடையில் தே ஓ வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போனார்கள். பி பிளஸ் பி பிளஸ்ஸாகவே இருந்தது. வேறொரு படத்துக்கு ஒருவர் போலீஸ் நிலையத்துக்கே போய்விட்டார். அங்கிருந்த சார்ஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பி என்றால் பாஸ்தானே, பிறகு எதற்கு அழுகிறாய்?” என்று மலாயில் சொல்லி அனுப்பியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். இந்த வேலையில் நான் அறிந்த மனிதர்களிலேயே தரம் என்றால் என்னவென்று புரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அந்த சார்ஜன்தான்.

ஆக, ரசிகர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர்கள் கத்துவார்கள், திட்டுவார்கள், உங்கள் படத்தில் கொம்பு வரைவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு படம் வந்ததும் உங்களை மறந்துவிடுவார்கள். எனக்குக் குழி வெட்டியவர்கள் அவர்கள் இல்லை. அதை நானே, சிரித்த முகத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட்டார்.

“உள்ளூர்ப் படமா? ஒரு படி ஏத்திப் போட்டுருங்க.”

“ஏன் சார்?”

“சென்னைக்காரர ஏர்போர்ட்லகூடப் பாக்க மாட்டீங்க. இங்க படம் எடுத்தவனோட அம்மாவ நாளைக்கு பசார்ல பாக்கணும். அவன் சித்தப்பாதான் ஒங்க ஊர்க் கோயில் தலைவரு. எதுக்கு லா வம்பு?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் பிள்ளைகள். விடுமுறை எடுத்து, நண்பனின் வேனைக் கடன் வாங்கி, மாமாவை வில்லனாக்கி, அத்தையைக் கதாநாயகியின் அம்மாவாக்கி எடுக்கிறார்கள். இதில் போய் சி போட எனக்கு மனசு வருமா? ஒரு படி ஏற்றினேன். சில மாதங்களில் ஒரு படி இரண்டாயிற்று. கோயில் தலைவர் போனில் வந்தால் மூன்று. ஒரு பேய்ப் படம் வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் செத்த பேய், கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வந்து பயமுறுத்தியது. அதற்கு ஏ போட்டேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள், தளத்தில் தேடிப் பாருங்கள், இருக்கிறது.

எழுத்திலும் அதற்கென்று ஒரு மொழி உண்டாயிற்று. ‘துணிச்சலான முயற்சி’ என்று எழுதியிருந்தால் பாதியில் எழுந்து ஓடலாம் போல இருந்தது என்று அர்த்தம். ‘ஒளிப்பதிவு குறிப்பிடத்தக்கது’ என்றால் படம் தெரிந்தது. ‘இயக்குநரிடம் இன்னும் எதிர்பார்க்கிறோம்’ என்றால் தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள். இந்த மொழியை நான் மட்டும்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசகர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பாலா ஒரு நாள் குழுவில் ஓர் அட்டவணை போட்டார். நாணயம் மாற்றுகிற கடை வாசலில் தொங்குமே, அதே மாதிரி. தலைப்பு, ‘இன்றைய டீச்சர் மாற்று விகிதம்’. உள்ளூர் ஏ என்றால் சி. உள்ளூர் ஏ மைனஸ் என்றால் டி. உள்ளூர் பி என்றால் வீட்டிலேயே இருந்து துணி மடிக்கவும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை அச்செடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டியும் வைத்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை. இப்போது வருகிறது.

அப்புறம்தான் தேன்மொழி வந்தாள்.

கோப்பெங்கில் வீடு, காம்பாரில் ஒரு கிளினிக்கில் முகப்பு வேலை. மூன்று வருடமாகச் சனி ஞாயிறுகளில் மட்டும் எடுத்த படத்தை முடித்துவிட்டு ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“அக்கா, பாத்துட்டு ஒங்களுக்கு என்ன தோணுதோ அதையே போடுங்க. சி-ன்னா சி. ஏத்திப் போடாதீங்க.”

இப்படி எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு சி வந்தால் சித்தப்பாவை விட்டுப் பேசச் சொல்வார்கள். இவளும் அப்படித்தான் என்று நினைத்துத் தலையாட்டி அனுப்பினேன்.

படத்தின் பெயர் ‘பாஸ் எண் பதினேழு’. கதை முழுக்க ஒரு ஜாகா கொட்டகையில், அதாவது வாயில் காவலர் உட்காரும் கொட்டகையில், நடக்கிறது. ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம், இப்போது சுற்றிலும் வேலி போட்ட பணக்காரக் குடியிருப்பு, ஒரு தாமான். அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளே இப்போது அந்தத் தாமானின் வாசலில் காவல் வேலை பார்க்கிறாள். உள்ளே போகிறவர்களிடம் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் முனியாண்டிக்குச் சூடம் காட்ட அவளுடைய சொந்த அக்கா வருகிறாள். இருவரும் பேசிப் பல வருடம் ஆகிறது. இவள், “ஐசி குடுங்க,” என்கிறாள். அக்கா முறைக்கிறாள். இவள் கையை நீட்டியபடியே இருக்கிறாள். அப்புறம் அக்கா கைப்பையைத் திறந்து ஐசியைத் தேடுகிறாள், தேடுகிறாள், அந்தப் பையிலிருந்து என்னென்னவோ வெளியே வருகிறது. பின்னணி இசை இல்லை. யாரும் ஓவென்று அழவில்லை. நான் அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது.

ஏ போட்டேன். ஒரு படிகூட ஏற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசித்து, ஏ. அந்த நாற்காலியில் உட்கார்ந்த காலம் முழுவதிலும் ஓர் உள்ளூர்ப் படத்துக்கு நான் போட்ட முதல் நேர்மையான ஏ அதுதான்.

வியாழக்கிழமை படம் வெளியானது. ஈப்போவில் ஒரே அரங்கு, தினம் இரண்டு காட்சி. ஞாயிறு வரைக்கும் கூட்டம் பார்ப்பேன், அப்புறம்தான் முடிவு என்று அரங்கு மேலாளர் சொல்லியிருந்தார். ஈப்போவில் நின்றால் கிள்ளானிலும் சிரம்பானிலும் போடுவார்கள். நிற்காவிட்டால் அவ்வளவுதான், மூன்று வருடம் நாலு நாளில் போய்விடும். அடுத்த கதையும் எழுதி வைத்திருப்பதாகவும், அதை எடுப்பதா வேண்டாமா என்பது இந்த நாலு நாளில் தெரிந்துவிடும் என்றும் தேன்மொழி என்னிடம் சொல்லியிருந்தாள்.

விமர்சனத்துக்குக் கீழே வழக்கம்போலக் கச்சேரி ஆரம்பித்தது.

“டீச்சர் ஏ போட்டுட்டாங்க. விகிதப்படி சி.”

“சி பிளஸ் மச்சான். இந்த தடவ ரெண்டு பத்தி கூட எழுதியிருக்காங்க.”

“ரெண்டு பத்தி கூடன்னா சொந்தக்காரப் பொண்ணா இருக்கும் லா.”

“நீ படம் பாத்தியா?”

“ரெவ்யூ பாத்தாச்சுல, படம் எதுக்கு?”

“நான் ரெவ்யூவும் பாக்கல. ஆனா சி பிளஸ் ஓவர்.”

முந்நூறு கருத்துக்கு மேல் ஓடியது. சி-யா சி பிளஸ்ஸா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். ஒருவராவது அந்த ஜாகா கொட்டகையைப் பார்த்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு எத்தனை பேர் என்று மேலாளருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒன்பது. அதில் நாலு பேர் தேன்மொழியின் வீட்டு ஆட்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த வேகத்தில், என் சொந்தப் பெயரில், விமர்சனத்துக்குக் கீழேயே எழுதினேன்: ‘பாலா, இந்த முறை உண்மையாகவே ஏ. போய்ப் பாருங்கள்.’

எழுதிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இந்த முறையா? அப்ப போன முறை?”

“அலாமாக்! டீச்சரே ஒத்துக்கிட்டாங்க!”

அதை உடனே படம் பிடித்துப் பத்துக் குழுக்களில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பெரிய ஆராய்ச்சியே தொடங்கிவிட்டது. நான் ஏ கொடுத்த உள்ளூர்ப் படங்களை எல்லாம் தோண்டியெடுத்து, ‘உண்மை ஏ’, ‘பரிதாப ஏ’ என்று இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள். பரிதாபப் பத்தி நீண்டுகொண்டே போனது. உண்மைப் பத்தியில் ஒரே ஒரு படம். இந்த உழைப்பில் பாதியைப் போட்டிருந்தால் அத்தனை பேரும் ஆளுக்கொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

ஆனால் அந்த அமளிக்கு நடுவில் ஒரு நல்லதும் நடந்தது. பாலா எழுதினார்: “டீச்சர் இப்பிடி எழுதி நான் பாத்ததே இல்ல. ஏதோ இருக்கு. ஞாயித்துக்கிழம காலை ஷோ, யாரு வாரீங்க?” கீழே ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நாற்பது கை வரைக்கும் எண்ணினேன். நாற்பது பேர் வந்தால் மேலாளர் படத்தை எடுக்க மாட்டார். தேன்மொழியும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: “அக்கா, ‘உண்மையாகவே’-ன்னு போட்டீங்களே. அது போதும்.” அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடியும் மாடிப்படியில் சத்தம். இந்தத் தடவை ரசிகர்கள் இல்லை, இயக்குநர்கள். பரிதாபப் பத்தியில் இடம் பிடித்த ஐந்து பேர், மகஜரோடு. ஒருவர் தைப்பிங்கிலிருந்து காரோட்டி வந்திருந்தார். ‘பரிதாப ஏ என்ற இழிவை நீக்கி, அனைத்து ஏ-க்களின் மாண்பையும் காக்க வேண்டும்’ என்று கோரிக்கை. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆசிரியர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். போலீஸ் புகார், வக்கீல் நோட்டீஸ் என்றெல்லாம் பேச்சு அடிபட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒரே ஒரு விளக்கம் போட்டுருங்க. எல்லா ஏ-யும் ஒரே ஏ-தான், ‘இந்த முறை’ங்கிற வார்த்த தவறுதலா வந்துடுச்சு. முடிஞ்சு போச்சு.”

“சார், நாளைக்கு நாப்பது பேரு அந்தப் பொண்ணு படத்துக்குப் போறாங்க. அந்த வார்த்தைக்காகத்தான் போறாங்க.”

“ஒரு படத்துக்காக அஞ்சு பேர வாசல்ல நிக்க வைக்கிறதா? எல்லாரும் நம்ம பிள்ளைங்கதானே?”

அவரிடம் நான் மறுத்துவிட்டேன். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கத்தினவர்கள் கத்தட்டும் என்று இருந்தேன். இதுவரைக்கும் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன்.

அப்போது அந்தப் பேய்ப் பட இயக்குநர் என் பக்கத்தில் வந்தார். அவர் கத்தவில்லை. சட்டைப் பையில் கைவிட்டபடி, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், நீங்க எழுதின விமர்சனத்த எங்கம்மா பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. வர்றவங்க கிட்டல்லாம் காட்டுவாங்க. இப்ப வீட்டுக்குப் போயி அதக் கழட்டவா? ஏன்னு கேட்டா என்ன சொல்ல?”

எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். பசாரில் கீரை விற்பவர், என்னைப் பார்த்தால் ஒரு கட்டு கூடப் போட்டுக் கொடுப்பார். மனசு இளகிவிட்டது. தேன்மொழி ஒரு கணம் நினைவுக்கு வந்தாள். அவள் புத்திசாலிப் பெண், புரிந்துகொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதுதான் கேவலமாக இருக்கிறது. நன்றாகப் படம் எடுத்தவள் தாங்கிக்கொள்வாள், மோசமாக எடுத்தவர்கள் பாவம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

விளக்கத்தை நானே தட்டச்சு செய்தேன். ‘இத்தளம் இதுவரை வழங்கியுள்ள ஏ தரங்கள் அனைத்தும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை. அவற்றுள் எவ்வித வேறுபாடும் இல்லை. “இந்த முறை உண்மையாகவே” என்ற சொற்கள் தவறுதலாக இடம்பெற்றன.’ கீழே என் பெயர். ஐந்து பேரும் கை குலுக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் கறிபாப் பலகாரம் வரவழைத்தார். பதினான்கு வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே ஓர் எதிர்ப்புகூட வராமல், எல்லாரும் ஒருமனதாகப் பாராட்டிய ஒரே எழுத்து அந்தப் பொய்தான்.

பிள்ளைகளே, உங்களிடமும் ஆட்கள் வந்து நிற்பார்கள். கத்துகிறவனை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள், அதற்குத் தே ஓ போதும். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்கிறவன் வந்தால்தான் கஷ்டம். அவன்மேல் பரிதாபம் வந்தால் அவன் வீட்டுக்குப் போங்கள், அவன் அம்மாவிடம் கீரை வாங்குங்கள், அடுத்த படத்துக்குக் கதை பேசுங்கள், உங்கள் வேனைக்கூடக் கொடுங்கள். அந்த எழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அதை ஒருவனுக்குச் சும்மா கொடுத்தால், அதைச் சம்பாதித்தவளிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறீர்கள். எனக்கு இது தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஞாயிறு காலைக் காட்சிக்கு நானும் டிக்கெட் எடுத்துப் போனேன். உள்ளே என்னோடு சேர்த்து ஏழு பேர். விளக்கு அணையும் வரை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நாற்பதில் ஒரு கைகூட வரவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தால், அரங்குக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு பைத்தியங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரொட்டி சானாய் மலையாகக் குவிந்திருக்கிறது. எல்லாருடைய பார்வையும் கைப்பேசியில். என்னைப் பார்த்ததும் பாலா எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். மரியாதையில் குறை வைக்காதவர்.

“படத்துக்கு வரலையா பாலா?”

“கெளம்பிதான் வந்தோம் டீச்சர். அதுக்குள்ள ஒங்க விளக்கத்தப் படிச்சோம். ஓ, வழக்கமான ஏ-தானான்னு இங்கயே ஒக்காந்துட்டோம். சாப்புடுறீங்களா?”

“பத்தடி தூரத்துல ஓடுது.”

“சும்மா ஒண்ணும் ஒக்காரல. படத்தப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்கோம். இவரு சி பிளஸ்ங்கிறாரு. நான் பி மைனஸ் வரைக்கும் குடுக்கலாம்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன், ஒங்களுக்காக லா.”

அவரைத் திட்ட வாய் எடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவர் என் எழுத்தை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அரங்கு வழியாகப் போனபோது சுவரொட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. நேராக மேலாளரிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன். சீனர், நல்ல மனிதர். மலாயில் நிதானமாகச் சொன்னார். கூட்டம் குறைவுதான், ஆனாலும் படம் அவருக்குப் பிடித்திருந்ததாம். புதன் வரைக்கும் காலைக் காட்சி மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஞாயிறு மதியமே இயக்குநரிடம் சொன்னாராம். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண்தான் சொன்னாளாம்.

அங்கேயே நின்று தேன்மொழிக்குப் போன் போட்டேன். கிளினிக்கில் இருந்தாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“ஆமாக்கா, நாந்தான் எடுத்திருங்கன்னு சொன்னேன்.”

“ஏம்மா? புதன் வரைக்கும் ஓட்டுறேன்னாரே. மூணு நாள்ல யாராச்சும் வந்திருப்பாங்க.”

“சனிக்கிழம நீங்க போட்டதப் படிச்சேன். எல்லா ஏ-யும் ஒண்ணுதான்னு. நீங்க ஏ குடுத்த படம் ஒண்ணு விடாம நான் தியேட்டர்ல போயி பாத்தவ அக்கா. எம்படமும் அந்த மாதிரிதான்னா, எதுக்கு மூணு நாளு அவரு ஹால அடைச்சிக்கிட்டு?”

“அது பொய் தேன்மொழி. அவங்கல்லாம் வந்து நின்னாங்க, மனசு கேக்கல, எழுதிட்டேன். ஒன்னோடது உண்மையாவே ஏ. சத்தியமா சொல்றேன்.”

அவள் யாரையோ மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று பொறுமையாக விளக்கினாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“வெள்ளிக்கிழம எழுதுனதயும் நம்புனேன்க்கா. சனிக்கிழம எழுதுனதயும் நம்புனேன். இப்ப இதையும் நம்பணுமா?”